ஜப்பானின் தாழ் வட்டிக் காலத்தில் முதலீடு

ஜப்பானின் தாழ் வட்டிக் காலம் என்பது 1990களின் நடுப்பகுதி தொடங்கி 2024 ஆம் ஆண்டு வரை நீடித்த, வட்டி வீதம் சுழியத்தை ஒட்டியும் சில ஆண்டுகள் சுழியத்துக்குக் கீழேயும் இருந்த காலப்பகுதியைக் குறிக்கும். இதே காலத்தில் அந்நாட்டின் பொருளாதார வளர்ச்சி மிக மெதுவாக இருந்தது. ஆட்சி அடிக்கடி மாறியது. இம்மூன்றும் ஒரே நேரத்தில், ஒரு தலைமுறைக்கும் மேலாக நிலவிய பெரிய தொழில்வள நாடு ஜப்பான் ஆகும். ஆகவே குறைந்த வட்டி, தேக்கம், அரசியல் நிலையின்மை ஆகியவற்றுக்கு இடையே சேமிப்பாளர் ஒருவருக்கு என்ன நேரிடும் என்பதை அறிய விரும்புவோர் இந்நாட்டின் பட்டறிவையே முதலில் நோக்குகின்றனர்.

இக்காலப்பகுதி பொதுவாக "இழந்த பத்தாண்டுகள்" என அழைக்கப்படுகிறது. எனினும் எல்லா முதலீட்டாளர்களும் எல்லாவற்றையும் இழந்துவிடவில்லை. எதுவும் செய்யாமல் பணத்தை வீட்டில் வைத்திருந்தவர், துணிந்து பங்குகளை வாங்கியவரைவிட நல்ல நிலையில் இருந்த ஆண்டுகள் பல உண்டு.

பின்னணி

1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின் பின்னர் யென்னின் மதிப்பு விரைவாக உயர்ந்தது. ஏற்றுமதி பாதிக்கப்படும் என்ற அச்சத்தில் ஜப்பான் வங்கி (அந்நாட்டின் நடுவண் வங்கி) தனது கழிவு வீதத்தை 5 விழுக்காட்டிலிருந்து படிப்படியாகக் குறைத்து 1987 பிப்ரவரியில் 2.5 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. மலிவான கடன் நிலத்துக்கும் பங்குகளுக்கும் பாய்ந்தது. 1985 இறுதியில் ஏறத்தாழ 13,000 புள்ளிகளாக இருந்த நிக்கெய் 225 பங்குச் சுட்டெண், 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிவடைந்தது. டோக்கியோ அரண்மனை வளாகத்தின் நில மதிப்பு கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் ஈடானது என்ற பேச்சு அக்காலத்தில் பரவலாக இருந்தது.

1989 மே மாதத்திலிருந்து நடுவண் வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. 1990 ஆகத்தில் கழிவு வீதம் 6 விழுக்காட்டை எட்டியது. குமிழி உடைந்தது. நிக்கெய் 1990 ஆம் ஆண்டு இறுதியில் 24,000 புள்ளிகளுக்குக் கீழே இருந்தது. 1992 ஆகத்தில் 15,000க்கும் கீழே சென்றது. நிலத்தின் சரிவு இன்னும் மெதுவாகவும் இன்னும் ஆழமாகவும் இருந்தது. ஆறு பெருநகரங்களின் வணிக நில விலை 2000களின் நடுப்பகுதியில் அதன் உச்ச விலையின் ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழாக இருந்தது. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளின் இருப்பு நிலைக் குறிப்புகள் இதனால் பல ஆண்டுகள் நோயுற்றிருந்தன. 1997 நவம்பரில் ஹொக்கைடோ டகுஷோகு வங்கியும், நாட்டின் நான்கு பெரும் பங்குத் தரகு நிறுவனங்களுள் ஒன்றான யமாய்ச்சியும் ஒரே மாதத்தில் வீழ்ந்தன. 1998 அக்டோபரில் ஜப்பான் நீண்டகாலக் கடன் வங்கி அரசுடைமையானது.

வட்டி வீதத்தின் வீழ்ச்சி

1995 செப்டம்பரில் கழிவு வீதம் 0.5 விழுக்காடானது. 1999 பிப்ரவரியில் சுழிய வட்டிக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2000 ஆகத்தில் அது கைவிடப்பட்டது. ஆனால் பொருளாதாரம் மீண்டும் சரிந்ததால் 2001 மார்ச்சில், வட்டிக்குப் பதிலாகப் பண அளவையே இலக்காகக் கொள்ளும் புதிய முறைக்கு நடுவண் வங்கி மாறியது. இம்முறை 2006 மார்ச் வரை தொடர்ந்தது. 2007 பிப்ரவரியில் வட்டி 0.5 விழுக்காட்டை எட்டியது. 2008 இன் உலக நிதி நெருக்கடி அதை மீண்டும் கீழே தள்ளியது. 2016 சனவரியில் அறிவிக்கப்பட்ட எதிர்ம வட்டியின்படி, வணிக வங்கிகள் நடுவண் வங்கியில் வைக்கும் இருப்பின் ஒரு பகுதிக்கு 0.1 விழுக்காடு வட்டியைப் பெறுவதற்குப் பதிலாகச் செலுத்த வேண்டியிருந்தது. இது 2024 மார்ச்சில் முடிவுக்கு வந்தது.

இந்த எண்களின் பொருளைச் சாதாரணச் சேமிப்பாளர் நிலையிலிருந்து பார்ப்பது பயனுள்ளது. 72 ஐ வட்டி வீதத்தால் வகுத்தால், முதல் இரட்டிப்பாகத் தேவைப்படும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். 6 விழுக்காட்டில் 12 ஆண்டுகள் போதும். 2016 முதல் 2024 வரை பெரிய வங்கிகள் சேமிப்புக் கணக்குக்கு வழங்கிய 0.001 விழுக்காட்டில் 72,000 ஆண்டுகள் ஆகும். பத்து இலட்சம் யென் வைத்திருப்பவருக்கு ஓராண்டு வட்டி 10 யென்; அதிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரியாகப் பிடிக்கப்படும். வேலை நேரம் கடந்து தானியங்கிப் பண இயந்திரத்தில் ஒருமுறை பணம் எடுத்தால் கொடுக்க வேண்டிய கட்டணம் இதைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஆகும்.

அரசியல் நிலையின்மை

1955 முதல் தொடர்ந்து ஆண்டுவந்த தாராளவாத சனநாயகக் கட்சி 1993 இல் ஆட்சியை இழந்தது. அடுத்த ஆண்டில் பதவியேற்ற சுதொமு ஹத்தாவின் அரசு 64 நாட்களே நீடித்தது. 1989 சூன் முதல் 2001 ஏப்ரல் வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் ஒன்பது பேர் தலைமை அமைச்சராக இருந்தனர். ஜூனிசிரோ கொய்சுமி ஐந்தாண்டுகளுக்கு மேல் பதவியில் இருந்தது ஒரு விதிவிலக்கு. அவருக்குப் பின் 2006 செப்டம்பர் முதல் 2012 டிசம்பர் வரை அபே, ஃபுக்குடா, அசோ, ஹத்தொயாமா, கான், நோடா என ஆறு பேர் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருவராக மாறினர்.

ஆட்சி மாற்றம் என்றவுடன் கிளர்ச்சியோ சொத்துப் பறிமுதலோ நினைவுக்கு வரலாம். ஜப்பானில் அவ்வாறு எதுவும் நிகழவில்லை. சட்டமும் நீதிமன்றமும் அரசு அலுவலகமும் வழக்கம்போல் இயங்கின. முதலீட்டாளருக்கு ஏற்பட்ட இடர் வேறு வகையானது: எடுத்த முடிவு நிலைக்குமா என்பதை யாராலும் கூற இயலவில்லை. நுகர்வு வரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1989 இல் 3 விழுக்காட்டில் அறிமுகமான இவ்வரி 1997 ஏப்ரலில் 5 ஆகவும், 2014 ஏப்ரலில் 8 ஆகவும் உயர்ந்தது. 10 விழுக்காட்டுக்கு உயர்த்தும் முடிவு முதலில் 2015 அக்டோபருக்கும், பின்னர் 2017 ஏப்ரலுக்கும் குறிக்கப்பட்டு, இருமுறை ஒத்திவைக்கப்பட்டு, இறுதியில் 2019 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. வரி உயர்வுக்கு முன் மக்கள் பொருட்களை வாங்கிக் குவிப்பதும், பின்னர் செலவைச் சுருக்குவதும் ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தது. கடை வைத்திருப்பவரும் தொழிற்சாலை கட்ட நினைப்பவரும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

வைப்புக் காப்புறுதியும் இவ்வாறே. வங்கிகள் தடுமாறிய 1996 இல் எல்லா வைப்புகளுக்கும் முழு உறுதி அளிக்கப்பட்டது. இவ்வுறுதி நிலையான வைப்புகளுக்கு 2002 ஏப்ரலிலும், சாதாரணச் சேமிப்புக் கணக்குகளுக்கு 2005 ஏப்ரலிலும் விலக்கப்பட்டு, ஒருவருக்கு ஒரு வங்கியில் ஒரு கோடி யென்னும் அதற்கான வட்டியும் மட்டுமே காப்புறுதி பெறும் என்ற வரம்பு வந்தது. ஆகவே 2002 இன் தொடக்கத்தில் மக்கள் நிலையான வைப்பிலிருந்து சேமிப்புக் கணக்குக்குப் பணத்தை மாற்றினர். பல வங்கிகளுக்குப் பிரித்து வைத்தனர். சிலர் தங்கம் வாங்கினர். வட்டிக்காக அல்லாமல் பாதுகாப்புக்காக மட்டுமே பணம் இடம்பெயர்ந்தது. வட்டி சுழியமாக இருக்கும்போது இடத்தை மாற்றுவதால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. இந்த வரம்பு உண்மையாகவே பயன்படுத்தப்பட்டது 2010 செப்டம்பரில் நிப்பான் ஷின்கோ வங்கி வீழ்ந்தபோதுதான்.

பணவாட்டமும் உண்மை வட்டியும்

ஜப்பானியர் பங்குகளை வெறுத்து, வட்டியே தராத வங்கியில் பணத்தை முடக்கினர் என்பது வெளிநாட்டு இதழ்களில் அடிக்கடி காணப்படும் குற்றச்சாட்டு. அந்நாட்டுக் குடும்பங்களின் நிதிச் சொத்தில் பாதிக்கு மேல் பணமும் வைப்புமாகவே நெடுங்காலம் இருந்தது என்பது உண்மையே. ஆயினும் இக்குற்றச்சாட்டு ஒரு முக்கியமான கணக்கை விட்டுவிடுகிறது.

வட்டி வீதத்திலிருந்து பணவீக்க வீதத்தைக் கழித்தால் கிடைப்பது உண்மை வட்டி. 1990 இல் வைப்புக்கு 6 விழுக்காடு வட்டி கிடைத்தது. விலைவாசி ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்ந்தது. எனவே உண்மை வட்டி 3 விழுக்காடு. 2002 இல் வட்டி இல்லை என்றே கூறலாம். ஆனால் விலைவாசி ஏறத்தாழ 0.9 விழுக்காடு குறைந்தது. எனவே உண்மை வட்டி 0.9 விழுக்காடு. குறைவுதான், ஆனால் இழப்பு அன்று. அலமாரியில் வைத்த பணத்தாளுக்கும் இதே ஆதாயம் கிடைத்தது. அந்த ஆதாயத்துக்கு வரியும் இல்லை. இதனாலேயே "தான்சு" எனப்படும் மர அலமாரியில் பணம் வைக்கும் பழக்கம் அங்கு வலுப்பெற்றது. 2011 மார்ச் ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்குக் கடற்கரையில் ஆயிரக்கணக்கான இரும்புப் பெட்டகங்கள் கண்டெடுக்கப்பட்டு, அவற்றிலிருந்த பணத்தின் பெரும்பகுதி உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

சேமிப்பாளருக்கு ஆதாயமான பணவாட்டம் கடன் வாங்கியவருக்குச் சுமையாகும். சம்பளமும் வீட்டு விலையும் குறைய, குமிழிக் காலத்தில் வாங்கிய வீட்டுக் கடனின் தவணை மட்டும் குறையாமல் நின்றது.

அஞ்சலகச் சேமிப்பு

ஜப்பானியச் சேமிப்பின் முதுகெலும்பாக இருந்தது அஞ்சலகம். அதன் "தெய்காகு" வைப்பு விந்தையான ஒரு திட்டமாகும். சேரும் நாளில் உள்ள வட்டி பத்தாண்டுகள் வரை மாறாது. அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி சேரும். ஆறு மாதங்களுக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் முதலைக் குறைவின்றி எடுத்துக்கொள்ளலாம். வட்டி ஏறினால் எடுத்து மறுபடியும் போடலாம். இறங்கினால் அப்படியே விட்டுவிடலாம். இடர் முழுவதும் அரசுக்கே.

1990 இல் 6 விழுக்காட்டில் பத்து இலட்சம் யென் வைத்தவருக்குப் பத்தாண்டுகள் கழித்து வரிக்கு முன் ஏறத்தாழ 18 இலட்சம் கிடைத்தது. பங்குச் சந்தை பாதிக்கு மேல் வீழ்ந்திருந்த அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த முதலீடுகளுள் இது ஒன்று எனலாம். ஆனால் 2000, 2001 ஆம் ஆண்டுகளில் இவ்வைப்புகள் முதிர்ந்தபோது அதே பணத்தை மறுபடியும் போட 0.2 விழுக்காடு அளவே வட்டி இருந்தது. அவ்வீதத்தில் பத்தாண்டுகளில் பத்து இலட்சம் 10.2 இலட்சமாகும். முதல் பாதுகாப்பாக இருந்தாலும் அதை மறுமுறை எந்த வட்டியில் போடுவது என்ற இந்தச் சிக்கல் மறுமுதலீட்டு இடர் எனப்படும். ஓய்வு பெற்று வட்டியில் வாழ எண்ணியிருந்தோரை இது கடுமையாகத் தாக்கியது.

அஞ்சலகத்தின் சேமிப்பும் காப்பீடும் சேர்ந்து 300 இலட்சம் கோடி யென்னுக்கும் மேல் இருந்தன. இப்பணம் அரசின் திட்டங்களுக்கும் அரசுப் பத்திரங்களுக்கும் சென்றது. இதைத் தனியார்மயமாக்கும் சட்டமுன்வரைவு 2005 ஆகத்தில் மேலவையில் தோற்றபோது கொய்சுமி கீழவையைக் கலைத்துவிட்டுத் தேர்தலுக்குச் சென்றார். செப்டம்பர் 11 அன்று பெருவெற்றி பெற்றார். சேமிப்பு வங்கி ஒன்றை முன்வைத்துப் பொதுத் தேர்தல் நடந்த நிகழ்வு உலகில் அரிது.

வட்டியைத் தேடிச் சென்றோர்

எல்லாரும் 0.1 விழுக்காட்டுடன் அமைதி அடையவில்லை. சற்றுக் கூடுதலான வட்டிக்காகச் சென்றவர்கள் சந்தித்த இழப்புகளே இக்காலப்பகுதியின் பாடம் நிறைந்த பகுதியாகும்.

2001 ஆம் ஆண்டு இதற்கு ஒரு தொகுப்புப் போல அமைந்தது. செப்டம்பரில் மைக்கல் என்னும் பல்பொருள் அங்காடிக் குழுமம் முறிந்தது. அதன் பத்திரங்களைத் தனிநபர் பலர் வாங்கியிருந்தனர். நவம்பரில் என்ரான் நிறுவனத்தின் பத்திரங்களை வைத்திருந்த சில பணச்சந்தை நிதிகளின் அலகு விலை முகமதிப்புக்குக் கீழே இறங்கியது. இந்நிதிகள் வங்கி வைப்புக்கு ஈடான பாதுகாப்புள்ளவை என்று கருதப்பட்டவை. ஆண்டு இறுதியில் அர்ஜென்டினா தனது கடன்களைத் திருப்பிச் செலுத்த மறுத்தது. டோக்கியோவில் யென்னில் வெளியிடப்பட்ட அதன் "சாமுராய்" பத்திரங்களும் இதில் அடங்கும். யென்னில் இருப்பதால் நாணய இடர் இல்லை என்று வாங்கியவர்கள், கடனாளியின் இடர் முழுமையாக இருந்ததைப் பின்னர் அறிந்தனர்.

மாதந்தோறும் பணம் வழங்கும் பரஸ்பர நிதிகள் ஓய்வூதியர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. 1997 டிசம்பரில் தொடங்கிய "குளோபல் சாவரின் ஓப்பன்" என்னும் நிதி, வெளிநாட்டு அரசுப் பத்திரங்களில் முதலிட்டு மாதப் பங்கீடு வழங்கியது. 2008 இல் அதன் அளவு 5 இலட்சம் கோடி யென்னைத் தாண்டி, நாட்டின் மிகப் பெரிய நிதியாக இருந்தது. இத்தகைய நிதிகளில் வருவாய் போதாதபோது முதலிலிருந்தே எடுத்துப் பங்கீடு வழங்கப்பட்டது. ஜப்பானியர் இதைப் பேய்க்கணவாய் தன் கால்களையே தின்பதற்கு ஒப்பிட்டு "தக்கோ" பங்கீடு என்றனர். மாதாமாதம் கைக்கு வரும் பணம் வட்டி போலத் தோன்றியது. அலகு விலை குறைந்துகொண்டே வந்ததைப் பலர் கவனிக்கவில்லை.

யென் கடன் வணிகம்

குறைந்த வட்டியில் யென்னைக் கடன் வாங்கி, அதை மாற்றி, கூடுதல் வட்டி தரும் நாணயத்தில் வைப்பது யென் கடன் வணிகம் ஆகும். 1998 இல் அந்நியச் செலாவணிச் சட்டம் தளர்த்தப்பட்ட பின் சாதாரணக் குடும்பத்தினரும் இணையம் வழியாக இதில் ஈடுபட்டனர். இல்லத்தரசிகள் பலர் இதில் இருந்ததால் வெளிநாட்டுச் சந்தைகளில் இவர்களுக்கு "மிசஸ் வத்தனபே" என்ற பொதுப் பெயர் ஏற்பட்டது.

கணக்கு எளிது. ஒருவர் 0.5 விழுக்காட்டில் பத்து இலட்சம் யென் கடன் வாங்குகிறார் என்க. ஓர் ஆஸ்திரேலிய டாலர் 100 யென் என்றால் 10,000 டாலர் கிடைக்கும். 7 விழுக்காடு வட்டியில் ஓராண்டில் அது 10,700 டாலர் ஆகும். டாலரின் விலை மாறாவிட்டால் கைக்கு 10.7 இலட்சம் யென் வரும். கடன் வட்டி 5,000 யென் போக 65,000 யென் இலாபம். ஆனால் டாலர் 60 யென்னுக்கு இறங்கினால் கையில் இருப்பது 6.42 இலட்சமே, இழப்பு 3.6 இலட்சத்துக்கு மேல். இது வெறும் கற்பனை அன்று. 2008 சூலையில் 100 யென்னுக்கு மேல் இருந்த ஆஸ்திரேலிய டாலர், அதே ஆண்டு அக்டோபரில் 60 யென்னுக்கும் கீழே சென்றது.

இந்த வணிகத்தின் இயல்பை அறிய ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இதில் இலாபம் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேரும். இழப்பு சில நாட்களில் மொத்தமாக வரும். உலகில் அச்சம் பரவும்போது அனைவரும் ஒரே நேரத்தில் யென்னை வாங்கிக் கடனை அடைக்க முற்படுவதால் யென் ஏறுகிறது. ஏறுவதால் மற்றவர்களும் அடைக்க வேண்டியதாகிறது. 1998 அக்டோபரில் இரண்டு மூன்று நாட்களில் அமெரிக்க டாலர் 130 யென்னுக்கு மேலிருந்து 120க்கும் கீழே வீழ்ந்தது இவ்வாறே. சொந்தப் பணத்தைப் போல் பல மடங்கு கடன் எடுத்தவர்களுக்கு 10 விழுக்காட்டு அசைவே முதலை முழுதும் அழிக்கப் போதுமானது. அரசு இந்த மடங்கை 2010 ஆகத்தில் 50 ஆகவும், 2011 ஆகத்தில் 25 ஆகவும் கட்டுப்படுத்தியது. அதற்கு முன் 100 மடங்குக்கு மேல் வழங்கிய நிறுவனங்களும் இருந்தன.

தனிநபர் மட்டுமன்றி நாடுகளும் யென்னில் கடன் பெறுகின்றன. சென்னை மெட்ரோ தொடருந்துத் திட்டத்தின் முதற்கட்டத்துக்கு ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை வழங்கிய கடன் யென்னில் அமைந்ததே. வட்டி குறைவு என்றாலும் யென்னுக்கு எதிராக உரூபாயின் மதிப்பு எவ்வாறு நகர்கிறது என்பதே இத்தகைய கடனின் உண்மையான செலவைத் தீர்மானிக்கும்.

ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் முறிவு

குமிழிக் காலத்தில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பத்திரதாரர்களுக்கு 5.5 விழுக்காடு அளவில் நீண்டகால வருவாயை உறுதியளித்து விற்றன. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு அளித்த உறுதி அது. அப்பணத்தை முதலிடக்கூடிய பத்திரங்களின் வருவாய் 2 விழுக்காட்டுக்கும் கீழே சென்றபோது, ஒவ்வொரு ஆண்டும் இடைவெளியை நிறுவனமே தன் கையிலிருந்து நிரப்ப வேண்டியிருந்தது. 1997 ஏப்ரலில் நிசான் ஆயுள் காப்பீடு வீழ்ந்தது. போருக்குப் பின் ஜப்பானில் முறிந்த முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் இதுவே. 2001 மார்ச் வரை மொத்தம் ஏழு நிறுவனங்கள் முறிந்தன. சியோடா, கியோவே ஆகிய இரண்டும் 2000 அக்டோபரில் ஒரே மாதத்தில் வீழ்ந்தன.

பத்திரதாரர்கள் முழுவதையும் இழக்கவில்லை; ஆனால் உறுதியளிக்கப்பட்ட வீதம் வெட்டப்பட்டது. நிசான் பத்திரங்களுக்கு அதிகபட்சம் 2.75 விழுக்காடு, சியோடாவுக்கு 1.5 விழுக்காடு என அது அமைந்தது. ஓய்வுக்கால ஆண்டுத்தொகைக்காகப் பணம் கட்டியவர்களுக்கு இதன் விளைவு மிகப் பெரிது: தொலைவில் உள்ள தொகையே கூட்டு வட்டியால் அதிகம் சுருங்கும். உறுதி என்ற சொல்லின் மதிப்பு, அதை அளிப்பவரின் நிலையைவிட உயர்ந்ததாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

அரசுப் பத்திரங்கள்

1990 இலையுதிர் காலத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டியிருந்த பத்தாண்டு அரசுப் பத்திர வருவாய் 2003 சூனில் 0.43 விழுக்காடாகவும், 2016 சூலையில் சுழியத்துக்குக் கீழ் 0.3 அளவிலும் இருந்தது. வருவாய் வீதம் குறையும்போது பழைய பத்திரத்தின் விலை கூடும். 8 விழுக்காடு வட்டி தரும் 100 யென் பத்திரம் ஒன்றுக்கு இன்னும் ஐந்தாண்டுகள் எஞ்சியிருக்க, சந்தை வீதம் 2 விழுக்காடாக இறங்கினால் அதன் விலை ஏறத்தாழ 128 யென் ஆகும்.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கு மேல் அரசுக் கடன் ஏறியதைக் கண்டு, இப்பத்திரங்களின் விலை சரியும் என்று பந்தயம் கட்டிய வெளிநாட்டு நிதியங்கள் மீண்டும் மீண்டும் தோற்றன. இப்பந்தயத்துக்கு "கைம்பெண்ணாக்கி" என்று பொருள்படும் பட்டப்பெயர் சந்தையில் வழங்கியது. கடனில் பெரும்பகுதி உள்நாட்டினரிடமே, உள்நாட்டு நாணயத்திலேயே இருந்ததையும், பின்னர் நடுவண் வங்கியே பெரிய அளவில் வாங்கியதையும் அவர்கள் குறைத்து மதிப்பிட்டனர். 2003 மார்ச் முதல் தனிநபருக்கெனத் தனியாக வெளியிடப்படும் மாறும் வட்டிப் பத்திரத்தில் 0.05 விழுக்காடு என்ற அடிமட்ட வரம்பு இருந்தது. இதனால் 2016 இல் பெரிய வங்கிகளுக்கு எதிர்ம வருவாய் கிடைக்க, சிறு சேமிப்பாளருக்கு மட்டும் சுழியத்துக்கு மேல் கிடைத்தது. பெரியவர்களைவிடச் சிறியவர்களுக்குச் சந்தை சாதகமாக அமைந்த அரிய தருணம் இது.

பங்குச் சந்தை

நிக்கெய் 2003 ஏப்ரலில் 7,607 புள்ளிகளுக்கும், 2007 இல் 18,000க்கு மேல் ஏறிய பின் 2009 மார்ச் 10 அன்று 7,054 புள்ளிகளுக்கும் இறங்கியது. 1989 இன் உச்சத்தை அது மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரி 22 அன்று. இடைப்பட்ட காலம் 34 ஆண்டுகள். 1989 இல் 55 வயதில் தன் ஓய்வுப் பணத்தைச் சந்தையில் இட்ட ஒருவர் தன் 89 ஆம் வயதில்தான் அந்த அளவை மீண்டும் கண்டிருப்பார். சுட்டெண்ணில் பங்காதாயம் சேராது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மீட்சி சில ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிட்டது. எனினும் உச்சத்தில் பங்குகள் ஆண்டு இலாபத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு விலைக்கு விற்றதால் பங்காதாயமும் மிகச் சொற்பமே. "நீண்டகாலம் பொறுத்தால் பங்குகள் வெல்லும்" என்ற கூற்றில், என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்ற கேள்வி மறைந்துள்ளது.

ஒரே நாளில் வாங்காமல் மாதந்தோறும் சிறிது சிறிதாக வாங்கியவரின் நிலை வேறு. ஒரு பங்கின் விலை முதலில் 100, பிறகு 50, பிறகு 75 என்க. 200 யென்னையும் முதலிலேயே போட்டவரிடம் 2 பங்குகள். இறுதி மதிப்பு 150. நூறு நூறாக இருமுறை போட்டவரிடம் 3 பங்குகள். இறுதி மதிப்பு 225. பழைய உச்சத்தை விலை எட்டாமலே பின்னவர் இலாபம் அடைகிறார். இம்முறைக்கும் எல்லை உண்டு. பணம் தேவைப்படும் ஆண்டு 2003 ஆகவோ 2009 ஆகவோ அமைந்தவருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது. மேலும் விலை வீழும் ஆண்டுகளில் வேலையும் போகலாம். மாதத் தவணை கட்டவே பணம் இல்லாமற் போகலாம்.

2012க்குப் பின்

2012 நவம்பர் 14 அன்று கீழவையைக் கலைக்கப்போவதாகத் தலைமை அமைச்சர் நோடா அறிவித்தார். அப்போது 9,000 புள்ளிகளுக்குக் கீழே இருந்த நிக்கெய், ஷின்சோ அபே வெல்வார் என்ற எதிர்பார்ப்பிலும் வென்ற பின்னும் ஏறி, 2013 மே மாதத்தில் 15,000ஐத் தாண்டியது. மே 23 அன்று ஒரே நாளில் 7 விழுக்காட்டுக்கு மேல் சரிந்ததும் இதே ஏற்றத்தின் நடுவில்தான். நடுவண் வங்கி 2013 சனவரியில் 2 விழுக்காடு பணவீக்கத்தை இலக்காக ஏற்றது. ஏப்ரலில், புதிய ஆளுநர் ஹருஹிக்கோ குரோடாவின் கீழ், பத்திரங்களை முன்னெப்போதும் இல்லாத அளவில் வாங்கத் தொடங்கியது. பங்குச் சுட்டெண் நிதிகளையும் 2010 முதல் அது வாங்கிவந்தது. 2016 இல் இதன் அளவு ஆண்டுக்கு 6 இலட்சம் கோடி யென்னாக உயர்த்தப்பட்டது.

அரசு ஓய்வூதிய முதலீட்டு நிதியம் 2014 அக்டோபர் 31 அன்று உள்நாட்டுப் பத்திரங்களின் பங்கை 60 விழுக்காட்டிலிருந்து 35 ஆகக் குறைத்து, உள்நாட்டு, வெளிநாட்டுப் பங்குகள் ஒவ்வொன்றையும் 12 இலிருந்து 25 ஆக உயர்த்தியது. மறு நிதியாண்டிலேயே 5 இலட்சம் கோடி யென்னுக்கு மேல் இழப்பு ஏற்பட, நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பின்வந்த ஆண்டுகளின் ஆதாயம் அதைப் பன்மடங்கு ஈடுசெய்தது. அப்போது அவ்வளவு பேச்சு எழவில்லை.

தனிநபரைச் சந்தைக்கு அழைக்க 2014 சனவரியில் "நீசா" என்னும் வரிவிலக்குக் கணக்கு தொடங்கப்பட்டது. முதலில் ஆண்டு வரம்பு 10 இலட்சம் யென். 2024 சனவரியில் திருத்தப்பட்ட திட்டத்தில் ஆண்டுக்கு 36 இலட்சம், வாழ்நாளுக்கு 1.8 கோடி யென் என வரம்பு உயர்ந்தது. வரிவிலக்குக்கான கால எல்லையும் நீங்கியது. இதற்கிடையே 2019 சூனில் நிதிச் சேவை முகமையின் பணிக்குழு ஒன்று, ஓய்வு பெற்ற தம்பதியர் ஓய்வூதியத்துடன் 30 ஆண்டுகள் வாழ மேலும் ஏறத்தாழ 2 கோடி யென் தேவைப்படலாம் என்று அறிக்கை அளித்தது. மக்களிடையே அதிர்ச்சி எழவே, நிதி அமைச்சர் தாரோ அசோ அறிக்கையை ஏற்க மறுத்தார். கணக்கு தவறு என்று எவரும் நிறுவவில்லை.

வட்டியின் மீள்வருகை

2022 முதல் ஜப்பானில் விலைவாசி 2 விழுக்காட்டுக்கு மேல் உயரத் தொடங்கியது. 2023 இல் உயர்வு 3 விழுக்காட்டைத் தாண்டியது. 2024 மார்ச்சில் எதிர்ம வட்டி நீக்கப்பட்டது. அவ்வாண்டு சூலையில் 0.25, 2025 சனவரியில் 0.5, டிசம்பரில் 0.75 விழுக்காடு என வட்டி உயர்த்தப்பட்டது. 2024 சூலை உயர்வைத் தொடர்ந்து யென் கடன் வணிகம் மீண்டும் அவசரமாகக் கலைக்கப்பட, ஆகத்து 5 அன்று நிக்கெய் 12 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது.

அரசியலும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆளும் கூட்டணி 2024 அக்டோபரில் கீழவையிலும், 2025 சூலையில் மேலவையிலும் பெரும்பான்மையை இழந்தது. ஓராண்டே பதவியில் இருந்த ஷிகெரு இஷிபாவுக்குப் பின் 2025 அக்டோபர் 21 அன்று சனாய் தக்காய்ச்சி நாட்டின் முதல் பெண் தலைமை அமைச்சரானார். அடுத்த வாரம், அக்டோபர் 27 அன்று, நிக்கெய் முதன்முறையாக 50,000 புள்ளிகளைக் கடந்து முடிவடைந்தது. பங்குச் சந்தை நிலையற்ற அரசை எப்போதும் தண்டிக்கும் என்ற எண்ணத்துக்கு இது ஒத்துவரவில்லை. செலவு கூடும், வட்டி மெதுவாகவே ஏறும் என்ற எதிர்பார்ப்பு சந்தைக்குப் பிடித்திருந்தது. அதே எதிர்பார்ப்பு பத்திரச் சந்தையில் வேறு விதமாக வெளிப்பட்டது: டிசம்பரில் பத்தாண்டு அரசுப் பத்திர வருவாய் 2 விழுக்காட்டைத் தாண்டியது.

இம்மாற்றத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவர் அலமாரியிலும் சேமிப்புக் கணக்கிலும் பணம் வைத்திருந்த முதியவரே. 2025 இல் பெரிய வங்கிகளின் சேமிப்புக் கணக்கு வட்டி 0.2 விழுக்காடாக உயர்ந்தது; பழைய 0.001 உடன் ஒப்பிட்டால் இது 200 மடங்கு. ஆனால் விலைவாசி ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்ந்ததால் உண்மை வட்டி சுழியத்துக்குக் கீழ் 2.8 விழுக்காடு அளவில் இருந்தது. வட்டியே இல்லாத 2002 இல் இவர்களின் பணம் ஆண்டுதோறும் சிறிது கூடுதல் அரிசியை வாங்கியது. வட்டி திரும்பி வந்த பின்னரோ குறைவான அரிசியையே வாங்கியது.